கோ-லைவ் கூத்து

எங்கள் கம்பெனியின் கணக்குவழக்கு ஓடும் பழைய மென்பொருளான எஸ்ஏபி இசிசிக்கு 2027 முடிவோடு வழக்கமான பராமரிப்பு நின்றுவிடும். கூடுதலாகப் பணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். சரி, அதன் புதிய வாரிசான எஸ்/4ஹானாவுக்கு மாறித்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் அந்தப் பாடு ஏன் முழுக்க எங்கள் அக்கவுண்ட்ஸ் தலையிலேயே விடிகிறது?

பழைய தகவல்களைச் சுத்தம் செய்யும் வேலைக்கு 'டேட்டா க்ளீன்சிங்' என்று பேர் மட்டும் அழகாக வைத்துவிட்டார்கள். பழைய பட்டியலில் ஒரே சப்ளையர் 'மெசர்ஸ்' போட்டு ஒருவர், போடாமல் ஒருவர், நடுவில் புள்ளி வைத்து இன்னொருவர். புதியதில் கஸ்டமர், வெண்டர் எல்லாம் ஒரே 'பிசினஸ் பார்ட்னர்'. சந்தோஷம்! இவர்களையெல்லாம் சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகர் யார்? நாங்கள்தான்.

எக்செலில் திறந்தால் 000451 வெறும் 451 ஆகிவிடுகிறது. ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடுகிறது. கன்சல்டன்டைக் கேட்டால், "அது உங்க பிராசஸ் இஷ்யூ சார்." அவர் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் 'பேரலல் ரன்'. ஒரே பில்லைப் பழையதிலும் போடு, புதியதிலும் போடு. சம்பளம் மட்டும் ஒன்று. இரண்டுக்கும் சில பைசா இடித்தால் ராத்திரி முழுக்கத் தேடு. புதியதை நிஜமாக ஓட்டத் தொடங்கும் கோ-லைவுக்கு எந்த மகானுபாவன் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் நாள் குறித்தானோ!

எல்லாம் முடிந்து, கலர் கலராக டேஷ்போர்டு வந்தது. எம்.டி. ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்லாருக்கு. இதை எக்செல்ல போட்டு மெயில் பண்ணிடுங்க."