பாம்பன் கரையில் கிடப்பது வேற்றுக்கிரக உயிர் அல்ல

"பாம்பனில் வேற்றுக்கிரக உயிர்! வெள்ளை நூலை வீசி ஆள் உடம்புக்குள் முட்டையிடும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முகத்தைக் கவ்விக் கருவை உள்ளே வைப்பதும், குட்டி நெஞ்சைப் பிளந்து வருவதும் 1979-ல் வந்த 'ஏலியன்' படத்துக் கற்பனை. வீடியோவில் இருப்பது நம்ம ஊர்க் கடல் அட்டை, அதாவது கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் வடிவ உயிரினம். சிலவகை அட்டைகள் சீண்டினால் பின்புறத்திலிருந்து ஒட்டும் நூல்களைப் பீய்ச்சும், எதிரியைச் சிக்கவைக்கத்தான். முட்டையா? பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி. முட்டையையும் விந்தையும் கடல்நீரிலேயே விட்டுவிடும். மனித உடம்பு அதற்கு எதற்கு? சந்தேகம் இருந்தால் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், கடல் அட்டையைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் தொடாமல் விடுங்கள். வீடியோவையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.