மறந்துவிடச் சொன்ன அந்தப் பாடம்

அந்தக் காணொளியை இரண்டு நாளாக ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நிறைந்த அரங்கில், மென்பொருள் வேலையில் இத்தனை வருட அனுபவம் உள்ளவர் மைக்கைப் பிடித்து, "டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை எப்படியாவது பாஸ் பண்ணிவிட்டு மறந்துவிடுங்கள், வேலையில் ஒரு நாளும் தேவைப்படாது" என்கிறார். கைதட்டல் வேறு.

தகவலை நிரலுக்குள் எப்படி அடுக்கி வைப்பது, எப்படித் தேடி எடுப்பது என்று சொல்லித்தரும் பாடம் அது. எனக்குத் தேவைப்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன வருடம் இரண்டு லட்சம் பதிவுகளில் இரட்டிப்பானவற்றை நீக்கும் வேலை. நாங்கள் எழுதிய நிரல், ஒவ்வொரு பதிவையும் அதுவரை சேர்ந்த லிஸ்ட்டில் முதலிலிருந்து தேடியது. நூறு பதிவுகளை வைத்துச் சோதித்தபோது கண் இமைப்பதற்குள் முடிந்தது. இரண்டு லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2,000 கோடி ஒப்பீடுகள். இரவு ஓடவிட்டுப் போனோம், காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. லிஸ்ட்டை எடுத்துவிட்டு ஹாஷ் செட் வைத்தேன். ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று வரிசையாகத் தேடாமல், நேரே அதன் இடத்துக்குப் போய்ப் பார்க்கும் அமைப்பு அது. மாற்றியது இரண்டே வரி. நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வரி எனக்கு எங்கிருந்து வந்தது? தேவைப்படாது என்கிறாரே, அதே பாடத்திலிருந்து.

"லைப்ரரியில்தான் எல்லாம் இருக்கிறதே" என்பீர்கள், யாரோ முன்பே எழுதிவைத்த தயார் நிரல்களைச் சொல்கிறீர்கள். இருக்கிறது. செட் இருந்த அதே லைப்ரரியில்தான் லிஸ்ட்டும் இருந்தது. எதை எடுப்பது என்று அது சொல்லாது. அப்புறம், லைப்ரரியும் மனிதர்கள் எழுதியதுதான். ஜாவா என்ற நிரல் மொழியின் லைப்ரரியில் பைனரி சர்ச் உண்டு, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறை. அதில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரு வரி இருந்தது. அர்ரே, அதாவது அந்தப் பட்டியல், மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை இன்ட் என்ற முழு எண் வகைக்குள் அடங்காமல் மைனஸில் போய்விடும். 2006இல் அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே அதை வெளியே சொன்னபோது, அந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது.

"ஏஐ எழுதித் தரும்." தரட்டும். தந்தது சரியா என்று யார் பார்ப்பது? இதில் மேலே பேச ஒன்றுமில்லை.

சொல்லிக்கொடுக்கும் விதம் மோசம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஏவிஎல் ட்ரீ என்ற கிளைவிடும் அமைப்பு, ஒரு பக்கம் சாயாமல் இருக்க எப்படிச் சுழல்கிறது என்பதை நெட்டுருப் போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதற்குப் பாடம் என்ன பாவம் செய்தது?

இந்தப் பாடத்தில் நான் முதல் முறை ஃபெயில். லிங்க்டு லிஸ்ட் என்பது நோடு எனப்படும் பெட்டிகளின் சங்கிலி. ஒவ்வொரு நோடிலும் அடுத்ததைக் காட்டும் ஓர் அம்பு, அதுதான் நெக்ஸ்ட். அந்தச் சங்கிலியின் தலையில் ஒரு நோடைச் சேர்க்க இரண்டு வரி போதும்: புது நோடின் நெக்ஸ்டைப் பழைய தலைக்குக் கட்ட வேண்டும், பிறகு தலையைப் புது நோடுக்கு மாற்ற வேண்டும். நான் முன்பின் மாற்றிப் போட்டுவிட்டேன். நோடு தன்னையே சுட்டிக்கொண்டது. அதற்குள் இருந்த எண் திரையில் 7, 7, 7 என்று நிற்காமல் ஓடியது. பழைய லிஸ்ட் போயே போய்விட்டது. எனக்கு இதெல்லாம் வராது என்று எழுந்துவிட்டேன். லேப் மேடம் உட்காரவைத்தார். என் நிரலைத் தொடவில்லை. ஒரு தாளில் பெட்டிகள் வரைந்து, பென்சிலை என் கையில் கொடுத்து, "முதல் வரி ஓடினதும் அம்பு எங்கே போகுது, போடு" என்றார். போட்டேன். இரண்டாவது அம்பு போடும்போதே தெரிந்துவிட்டது. இன்றும் ஒரு நிரல் சொதப்பினால் நான் முதலில் தேடுவது தாளைத்தான்.

அந்த அரங்கிலும் திரையில் 7 ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெட்டி வரைந்துகாட்ட ஆள் வேண்டிய நேரத்தில், மறந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கைதட்டியவர்களில் அந்தப் பிள்ளையும் இருந்திருக்குமோ என்பதுதான் இரண்டு நாளாக என்னை அறுக்கிறது.