ஒரு வினை, பல வேர்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வெல்ஷ் மொழியைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 'போ' என்று பொருள்படும் வெல்ஷ் வினை 'மின்ட்' ஒழுங்கற்றது, மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்தக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், சரி. ஆனால் அந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. வெவ்வேறு வேர்கள் ஒரே வினையாக நடிக்கின்றன, அவ்வளவுதான்.

அகராதியில் இருக்கும் 'மின்ட்', பழைய 'மனெட்' என்பதன் சுருக்கம். பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசப்படும், வெல்ஷுக்கு நெருங்கிய உறவான பிரெத்தான் மொழியின் 'மோன்ட்' இதன் உடன்பிறப்பு. ஆனால் 'ஆவ் இ' (நான் போவேன்), 'ஐத்' (போனான்) இரண்டும் வேறு வேர். லத்தீனில் 'ஓட்டு' என்று பொருள்படும் 'அகோ'வுக்கு உறவு. 'போ' என்று ஏவினால் வடக்கு வேல்ஸில் 'டோஸ்', தெற்கில் 'கேர்'. இந்தக் 'கேர்', 'நட' என்பதற்கான 'கெர்தெட்'டிலிருந்து வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்தது 'மின்ட் ஆ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உடன் போ', பொருள் கொண்டுபோ. அதேபோல் 'டோட் ஆ', 'உடன் வா', அதாவது கொண்டுவா. நாயைக் காலாற நடத்திக் கூட்டிப்போவதும் 'மின்ட் ஆர் கி அம் ட்ரோ' தான். பெட்டிக்குக் 'கொண்டு', ஆளுக்குக் 'கூட்டி' என்று நாம் பிரிப்பதை அவர்கள் பிரிப்பதில்லை.

அப்புறம் ஒன்று. நம் '-க்கு' போன்ற 'இ' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் ('ஆவ் இ'யில் வரும் 'இ' வேறு, அது 'நான்') 'மின்ட்', 'வின்ட்' ஆகிவிடும். அகராதியில் 'வின்ட்' என்று தேடி அரைமணி நேரம் வீணடித்தவன் நான்.