மிஷன் ஆஸ்பத்திரி யார் கொடுத்தது?

மதுரை கீழவெளி வீதியில் உள்ள கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையை "வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்த ஆஸ்பத்திரி" என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. இது முழு உண்மையன்று; விடுபட்ட பகுதி மதுரைக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ள வேண்டியது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தபோது கோட்டைச் சுவர் இடிக்கப்படவில்லை. ஆட்சியர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் ஊர் வெளியே விரிந்தது. 1888இல் வந்த டாக்டர் வான் ஆலன், பெரிய மருத்துவமனை ஒன்று வேண்டுமென்று எண்ணியபோது அமெரிக்கப் பணத்துக்காகக் காத்திருக்கவில்லை. இங்குள்ள செல்வந்தர்களிடமே கேட்டார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் பரப்ப வந்த அமைப்பு என்று தெரிந்திருந்தும், நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும் என்பதற்காக அவர்கள் கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். அப்படி எழுந்து 1897இல் திறக்கப்பட்ட கட்டடத்துக்கு, விக்டோரியா மகாராணியின் பேரனான ஆல்பர்ட் விக்டரின் பெயர் சூட்டப்பட்டது. கொடுத்தவர்களின் பெயரோ ஊர் நினைவிலிருந்தே போய்விட்டது.

பெண்கள் மருத்துவத்தின் கதை இன்னும் முக்கியமானது. ஆண் மருத்துவர் கை பிடித்து நாடி பார்ப்பதற்கே வீட்டில் ஒப்புக்கொள்ளாத காலத்தில், 1885இல் டாக்டர் பாலின் ரூட்டும், 1895இல் டாக்டர் ஹாரியட் பார்க்கரும் இங்கு வந்தார்கள். பெண்களுக்கெனத் தனி மருத்துவமனையும் எழுந்தது. என் அப்பத்தாவுக்குத் தலைப்பிரசவம் சிக்கலானபோது, வீட்டுக்கு வந்த மருத்துவச்சியே "இனி என் கையில் இல்லை, மிஷனுக்குக் கொண்டு போங்க" என்று வண்டி கட்டச் சொன்னாராம். அங்கே இரவு முழுதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது ஒரு தமிழ் நர்சம்மா. அந்த அம்மாவின் பெயரை அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார டாக்டரம்மா பெயர் அவருக்குத் தெரியாது. மருத்துவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் மிஷன் ஆவணங்களில் கிடைக்கின்றன. கட்டுப் போட்ட கம்பவுண்டர்கள், பிரசவம் பார்த்த தாதிகள், வார்டு கழுவிய ஆயாக்கள் ஆகியோரைப் பற்றி ஒரு வரி தேடினாலும் சிரமமாக இருக்கிறது.

அமெரிக்க மருத்துவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கொடைக்கானலில் வான் ஆலன் பெயரில் மருத்துவமனை இருப்பது தகுதியான மரியாதையே. ஆனால், தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இன்று இருக்கும் இந்த மருத்துவமனை, தன் பழைய நன்கொடைப் பதிவேடுகளையும் ஊழியர் பதிவேடுகளையும் தேடித் திரட்டி, அந்தப் பெயர்களை நுழைவாயிலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் அருள்கூர்ந்து பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.