ஒத்த இ கிளிப்புக்கு இவ்ளோ அலைச்சலா

நாமளே பூட்டிக்கிற ரிமோட் கார் கிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சுங்க, 1/10 ஸ்கேல் பக்கி, அதாவது நெஜ வண்டில பத்துல ஒரு பங்கு சைஸ்ல மண்ணுல ஓட்டுற கார், கூட வந்த பிளாஸ்டிக் புஷ்ஷ எல்லாம் கழட்டிட்டு 11x5x4 மிமீ பால் பேரிங் போட்டேன், மோட்டார்ல இருக்குற சின்ன கியருக்கும் அது சுத்துற பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவுல பேப்பர் துண்டு வெச்சு கியர் கேப்பும் செட் பண்ணிட்டேன், அதுவரைக்கும் நான்தான் ராஜா.

அப்புறம் வந்துச்சு பாருங்க அந்த இ கிளிப்பு. சஸ்பென்ஷன் பின்னு கழண்டு வராம அதோட முனைல மாட்டுற E வடிவ குட்டிக் கம்பி கிளிப்பு, மிளகு சைஸ் கூட இல்ல. நோஸ் பிளேயர்ல புடிச்சு லேசா தள்ளினேன், டிக்குனு ஒரு சத்தம், ஆளக் காணோம்! பழைய ஸ்பீக்கர் காந்தத்த எடுத்து வீடு பூரா இழுத்தேன். ஜாக்கெட் ஊக்கு மூணு, சேஃப்டி பின் ஒண்ணு, அம்மா ரெண்டு மாசமா தேடுன ஊசி, எல்லாம் கெடச்சுச்சு, கிளிப்பு மட்டும் இல்ல.

கிருஷ்ணகிரில ரவுண்டானா பக்கம் நாலு ஹார்டுவேர் கடை ஏறி எறங்கினேன். ஒரு அண்ணன் "டிராக்டருக்கா தம்பி?"ன்னு வளையல் சைஸ்ல ஒண்ண எடுத்து நீட்றாரு. ஆன்லைன்ல பாத்தா கிளிப்பு வெலைய விட டெலிவரி சார்ஜ் ஜாஸ்தி. இதுக்குன்னு எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைங்க இருக்குற பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கு 90 கிலோமீட்டர் பஸ் ஏறவா முடியும்?

பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள கைய விட்டு கிளிப்ப மாட்டணுமாம், தெறிச்சாலும் உள்ளயே விழுமாம். தெரிஞ்சவனுங்க இத இப்ப சொல்றானுங்க.

கடைசில கிளிப்புக்குப் பதிலா காப்பர் கம்பிய முறுக்கிக் கட்டி கேஆர்பி டேம் பக்கம் மண்ணுல ஓட்டினேன். ரெண்டாவது மேட்டுலயே பின்னு கழண்டு, முன் சக்கரம் தனியா ஓடுது.