கடலூரைவிடச் சிறிய ஊருக்கு ஐரோப்பியக் கோப்பை

கல்லூரி முடிந்ததும் ஒரு கூடைப்பந்து வீராங்கனை என்ன ஆகிறாள் என்ற கேள்விக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் இரண்டே விடைகள்தாம் இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால் தொடர்ந்து ஆடுவாள். கிடைக்காவிட்டால் ஷூவைக் கழற்றி வைத்துவிடுவாள். இவை இரண்டுக்கும் அப்பால் நம் மாணவிகள் கைப்பேசியில் பார்த்து ஏங்குவது அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கை. அந்த ஏக்கத்தில் தவறில்லை. ஆனால் கல்லூரி ஆட்டத்திலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிற பாதை உண்மையில் எந்தெந்த ஊர்கள் வழியாகச் செல்கிறது என்று கவனித்தால், நாம் கேட்டுப் பெற வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரான்ஸ் அணியின் கேபி வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் நடந்த பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அவரை மறக்க முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் அந்த ஞாயிறு மாலை யார் பக்கம் கைதட்டுவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. அமெரிக்கா மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடியில் வில்லியம்ஸ் எறிந்த பந்து ரிங்குக்குள் இறங்கியது. ஆனால் அவருடைய ஷூவின் நுனி மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிகளே கிடைத்தன. 67-66 என அமெரிக்கா தொடர்ச்சியாக எட்டாவது தங்கத்தை வென்றது. ரீப்ளேயில் அந்தக் கால்விரல் அளவு இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கோட்டைப் பார்க்காமல் ஓடி வந்து எறிகிற என் மாணவிகளுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் நடத்திவிட முடியாது.

வில்லியம்ஸ் அமெரிக்காவின் நெவாடாவில் பிறந்து வளர்ந்தவர். தாய் பிரெஞ்சுக்காரர் என்பதால் பிரான்சுக்கு ஆடுகிறார். பள்ளிப் பருவத்திலேயே உயரம் தாண்டுதலில் ஒலிம்பிக் தகுதித் தேர்வு வரை போனவர், முழங்கால் தசைநார் கிழிந்து இருமுறை துவண்டவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசிய சாம்பியன் அணியில் இருந்தார். லீக்கின் அணிகள் புது வீராங்கனைகளை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018ல் நான்காவதாகச் சிகாகோ ஸ்கை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் ஆடும் ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் மட்டும் சுமார் 350 பெண்கள் அணிகள் உள்ளன. அப்போதைய டபிள்யூ.என்.பி.ஏ.வில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக மொத்தம் 144 இடங்கள். அந்த இடம் கிடைத்தாலும், 2018ல் முதல் வரிசையில் தேர்வானவருக்கே ஆண்டுச் சம்பளம் சுமார் 50,000 டாலர்தான். லீக் கோடையில் நடந்து முடிந்துவிடும். அதனால் அப்போது அங்கிருந்த பெரும்பாலான வீராங்கனைகள் அக்டோபர் முதல் வசந்தம் வரை துருக்கி, ஹங்கேரி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, சீனா என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டயானா டவுராசி போன்ற பெரிய நட்சத்திரம்கூட, ஓய்வெடுக்கச் சொல்லி ரஷ்யக் கிளப் கொடுத்த பணத்தை ஏற்று, 2015ல் அமெரிக்க லீக்கையே விட்டு விலகி நின்றார். வில்லியம்ஸுக்கோ பிரான்ஸ் அணிக்கு ஆடப் போக வேண்டியிருந்ததால், 2021 சீசன் முழுவதும் ஆட முடியாதபடி சிகாகோ அவரை விலக்கி வைத்தது. அந்தக் கோடையில் அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியோடு வெண்கலம் வென்றார்.

அவரை உலகம் மதிக்கும் ஆட்டக்காரியாக்கியதில் பெரும் பங்கு சோப்ரான் என்ற ஊருக்கு உண்டு. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய இந்த ஹங்கேரிய ஊரில் வசிப்பவர்கள் சுமார் 60,000 பேர். அந்த ஊர்க் கிளப் 2022ல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாசேயை வீழ்த்தி, ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக்கின் கோப்பையை வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை வில்லியம்ஸ். பிறகு பிரான்சின் ஆஸ்வெல், அதன் பின் அதே ஃபெனர்பாசே என அவருடைய பயணம் தொடர்ந்தது. பிரான்சின் நடுவே உள்ள பூர்ஜ் என்ற ஊரும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்த ஊர்ப் பெண்கள் அணி 1997, 1998, 2001 என மூன்று முறை ஐரோப்பாவை வென்றிருக்கிறது. நம் கடலூர் நகரில் 2011 கணக்கெடுப்பின்போதே 1.73 லட்சம் பேர் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பெண்கள் கூடைப்பந்து ஒரு தொழிலாக நிற்பதற்குப் பெருநகரமோ கோடீஸ்வர லீக்கோ கட்டாயமில்லை. ஊருக்குச் சொந்தமான கிளப் ஒன்று வேண்டும். பிரான்சில் சாதாரண விளையாட்டுக் கிளப் என்பது 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். நகராட்சி ஜிம்னேசியத்தைத் தரும், மானியமும் தரும். ஆண்டுச் சந்தா கட்டி எட்டு வயதுச் சிறுமி சேரும் அதே கிளப்பின் உச்சியில் சம்பளம் வாங்கும் அணி இருக்கக்கூடும். பாரிஸ் புறநகர்களில் குடியேறிய நம் புதுச்சேரிச் சொந்தங்களைக் கேட்டால், புதன்கிழமை மதியம் பேரப்பிள்ளைகளைக் கிளப்புக்கு அழைத்துப் போகிற கதையைச் சொல்வார்கள். அதே பெரியவர்கள் இங்கே விடுமுறைக்கு வரும்போது, பெண் பிள்ளைக்கு இத்தனை வயதில் பந்து எதற்கு என்று கேட்பதும் உண்டு!

இங்கே நிலைமை தலைகீழ். கல்லூரி அணி, அதற்கு மேல் பல்கலைக்கழக அணி, அத்தோடு ஏணி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆட ஓர் அணி வேண்டுமென்றால் ரயில்வே போன்ற துறைகளில் வேலை கிடைத்தாக வேண்டும். தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி பல்லாண்டுகளாக ஓங்கி நிற்பதற்கு அதுவே காரணம். அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சென்னையின் அனிதா பால்துரை ரயில்வேயில் இருந்தபடியே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார், 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். தென்னக ரயில்வேயின் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியா சென்று மெல்பர்ன் புறநகரான ரிங்வுட்டின் கிளப்புக்கு ஆடினார், 2011ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் டிரையல்ஸ் வரை போனார். அவருக்கு வெளிநாட்டில் கதவு திறந்ததும் ஒரு புறநகர்க் கிளப்பில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"ஆடினால் என்ன வேலை கிடைக்கும் மிஸ்?" என்று பெற்றோர் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஒரே சீசனுக்கு உரியது. 2019 ஏப்ரலில் யூரோலீக் இறுதிப் போட்டியில், அதே சோப்ரானில், ரஷ்யக் கிளப்புக்கு ஆடிய அமெரிக்க நட்சத்திரம் பிரியானா ஸ்டூவர்ட்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டின் அமெரிக்க சீசனில் அவரால் ஒரு போட்டிகூட ஆட முடியவில்லை. அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பெண்ணை விமானம் ஏற்றப் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆகவே முதல் அணி இங்கேயே இருக்கட்டும் என்கிறேன்.

கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம் ஆகிய ஐந்து ஊர்களும் பஸ்ஸில் சில மணி நேரத்துக்குள் அடங்குபவை. ஊருக்கு ஓர் அணி, கல்லூரி முடித்த பெண்கள் பன்னிரண்டு பேர், மாதம் இருமுறை உள்ளூரிலும் வெளியூரிலுமாகப் போட்டி, ஆட்டத்துக்கு ஒரு தொகை, காயம் பட்டால் ஃபிசியோ செலவு. பொங்கலுக்குக் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் பரிசுத் தொகை தரும் வியாபாரிகள் சங்கங்களால் இதைத் தாங்க முடியும். வேலைக்குப் போகிற பெண்கள் மாலை ஆறரைக்கு மேல்தான் வர முடியும் என்பதால் மைதானத்தில் விளக்கு எரிய வேண்டும், பூட்டிக் கிடக்காத கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும். கல்லூரி முடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்ட பெண்கள் இந்த ஊர்களில் யாராவது இருந்தால், வயது, ஆடிய இடம், மாலையில் எந்த நாட்களில் வர முடியும் என்பவற்றை எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். முதலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தலா ஓர் அணி தேறுகிறதா என்று பார்ப்போம்.