“இன்டெல் கணினி வாங்கிக்கொள்ளுங்கள்” என்பது ஒரு பதிலா?

மாதம் 20ஆம் தேதி. ஜிஎஸ்டி கணக்கைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள். எங்களுடையது பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்பதால் டிஜிட்டல் கையொப்பம் போட்டே ஆகவேண்டும். மாலை ஆறு மணிக்கு அதற்கான யுஎஸ்பி டோக்கனைப் புது மடிக்கணினியில் செருகினேன். கணினி அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டோக்கனைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவினால் பாதியில் நிற்கிறது. டோக்கன் விற்றவர்களை அழைத்தேன். “உங்களுடையது ஆர்ம் கணினி சார். இன்டெல் கணினி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். ஆர்ம் என்பது வேறு வகைச் சில்லு; இன்டெல் சில்லுக்கென்று செய்த மென்பொருள் அதில் அப்படியே ஓடாது. பணம் வாங்கும்போது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பரண்மேல் கிடந்த பழைய இன்டெல் கணினியை இறக்கித் தூசி தட்டி, இரவு பத்தரைக்குக் கையொப்பம் போட்டேன்.

கணினி விற்ற கடைக்காரரும் குற்றவாளிதான். “எல்லாம் ஓடும்” என்றார். எல்லாம் ஓடாது! விண்டோஸ் 11 இன்டெல் மென்பொருளை ஆர்முக்கு மொழிமாற்றி ஓட்டுகிறது. 2024இல் வந்த பதிப்பில் அந்த மொழிமாற்றி பிரிசம் என்ற பெயரில் நன்றாகவே மேம்பட்டிருக்கிறது. ஆனால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடும் டிரைவருக்கு அந்த மொழிமாற்றம் கிடையாது. 64 பிட் ஆர்ம் சில்லுக்கென்றே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து எடுத்த டிரைவர் வேண்டும். மூலநிரலைப் பூட்டி வைத்திருக்கும் நிறுவனத்தைத் தவிர அதை வேறு யாராலும் செய்ய முடியாது. எங்கள் பழைய ஸ்கேனருக்கும் இதே கதிதான்.

டிரைவரை ஆர்முக்கு மாற்றுவது கடினமான வேலை என்கிறார்கள். என்னிடம் அதைச் சொல்லவேண்டாம். பல ஆண்டுகளாக சி மொழியில் எழுதி வளர்த்த பில்லிங் மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சின்ன ஆர்ம் கணினிக்கு மாற்றியவன் நான். முதல் நாளே கோப்பைப் படிக்கும் இடத்தில் நிரல் முடிவில்லாமல் சுற்றியது. ஓர் எழுத்தை வைக்கும் மாறி இன்டெல் லினக்ஸில் மைனஸ் எண்ணையும் ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. கோப்பு முடிந்தது என்று சொல்லும் மைனஸ் 1, அங்கே 255 ஆகிவிடுகிறது. முடிவு வந்ததே நிரலுக்குத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின. அடுத்தது இன்னும் கொடுமை: எப்போதோ ஒருமுறை மட்டும் பில்லின் கூட்டுத்தொகை தவறியது. நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்டுகளுக்கு நடுவே நாங்கள் போட மறந்த பூட்டு. நினைவகத்தில் எழுதும் வரிசையை இன்டெல் கண்டிப்பாகக் காப்பதால் அத்தனை ஆண்டுகள் அந்தப் பிழை ஒளிந்திருந்தது. அந்த வரிசையில் ஆர்ம் தளர்வானது, வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. பிழை எங்களுடையது, திருத்தினோம். இரண்டு பேர், மூன்று வாரம். எங்களைவிடப் பல மடங்கு ஆளும் பணமும் உள்ளவர்களுக்கு ஒரு டிரைவரை மாற்ற ஆண்டுக்கணக்கில் நேரம் வரவில்லையாம்!

“ஆர்மை யார் பயன்படுத்துகிறார்கள்?” என்று வேறு கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1985இல் முதல் ஆர்ம் சில்லைச் செய்ததே மேசைக்கணினிக்காகத்தான். 1987இல் ஆர்க்கிமிடீஸ் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆப்பிள் 2020இல் எம்1 என்ற தன் ஆர்ம் சில்லோடு மாறத் தொடங்கி, 2023க்குள் தன் மேக் வரிசை முழுவதையும் மாற்றி முடித்தது. ஆர்மில் ஓடும் விண்டோஸ் 2012இலேயே வந்தது. இதற்குமேல் எத்தனை ஆண்டு அவகாசம் வேண்டும்? ஓடாது என்றால், பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு விற்கட்டும். அந்த ஒரு வரிக்கும் மனமில்லை.

நேற்று நான்காவது மின்னஞ்சல் அனுப்பினேன். டிரைவர் தரமுடியாவிட்டால் மூலநிரலைத் தாருங்கள், நானே மாற்றித் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. அடுத்த 20ஆம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. பழைய கணினியின் கீல் போன வாரம் உடைந்துவிட்டது.